சிவப்பு போதலை

பீடோங் பழைய சந்தைக்கு எதிரே என் கடை.
மணப்பெண் அலங்காரம், மருதாணி, புருவம்.
ஆடி மாதம், கல்யாணம் இல்லை, ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.
படக்காரர்கள் வந்து கேட்டார்கள்:
"அக்கா, புண் போடத் தெரியுமா?"

தெரியாது. பழகிக்கொண்டேன்.
வேகவைத்த ஓட்ஸ், ஜெலட்டின், ரோஸ் சிரப்,
காய்ந்த ரத்தத்துக்குக் கொஞ்சம் மைலோ தூள்.
முதல் நாள் நாற்பது கால்கள். மறுநாள் அறுபது.
சயாமுக்கு ரயில் போட இழுத்துப்போன தமிழர்களாக நடிக்க
இப்போது எங்கள் தோட்டத்தில் தமிழர்கள் பத்துப் பேர் தேற மாட்டார்கள்.
லோரியில் வந்து இறங்கியவர்கள் பங்களாதேஷ் பையன்கள்.
வேட்டியை லுங்கியாகச் சுற்றிக்கொண்டு
வரிசையாக உட்கார்ந்து சிரித்தார்கள்.

நாயகிக்குப் புண் வேண்டாம் என்றார் இயக்குநர்.
காலராவிலும் கண்மை கலையக் கூடாது.
நெற்றியில் மட்டும் ஒரு கீறல்,
அதுவும் பொட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு பொட்டு மாதிரி.

மூன்றாம் நாள் ரஃபிகுல் காலை நீட்டினான்.
பிரஷை எடுத்த கை அப்படியே நின்றது.
கணுக்காலுக்கு மேலே செம்பனை முள் ஏறி
மூன்று வாரமாக ஆறாத ஒன்று.
விளிம்பு சாம்பல், நடுவில் ஈரம்,
என் ஓட்ஸுக்கு வராத ஒரு வாடை.
துணை இயக்குநர் குனிந்து பார்த்தார்,
கேமராவுக்குள்ளும் பார்த்தார்.
"நிஜம் மாதிரி இல்லையே அக்கா.
சிவப்பு போதலை."

நான் பூசவில்லை என்று எழுத ஆசைதான்.
டெட்டால் வைத்தேன். பிளாஸ்டர் ஒட்டினேன்.
பிளாஸ்டரின் மேல் பூசினேன்.
எண்பது வெள்ளி அவனுக்கு அன்றைய கூலி.

சாப்பாட்டு நேரத்தில் இயக்குநர் கேட்டார்,
உங்கள் வீட்டிலிருந்து யாராவது போனார்களா என்று.
அப்பாவின் பெரியப்பா, சடையன்.
பெரட்டுக் களத்திலிருந்து அப்படியே ஏற்றினார்கள்.
"போகும்போது என்ன சொன்னார்?" நோட்டைத் திறந்தார்.
"வெயில் ஏறுது, ஆட்டை மாத்திக் கட்டுன்னு."
"அப்புறம்?"
"அவ்வளவுதான்."
நோட்டை மூடினார்.

படம் வந்தது. சுங்கை பட்டாணி மால், மூன்றாவது மாடி.
கோயில் கமிட்டி மொத்தமாக டிக்கெட் எடுத்து
ஊரையே பஸ்ஸில் ஏற்றி வந்தது.
ஞாயிற்றுக்கிழமை. ரஃபிகுலுக்கு ஓவர்டைம்.

திரையில் ஒருவன் ரயிலேறும் முன் ஏழு நிமிடம் பேசினான்.
மண், தாய், மானம், மறுபடி மண்.
நடுவில் மழை. மழைக்குள் இருபது வயலின்.
ஜப்பான் அதிகாரிகூட ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
ஆடு இல்லை.

எனக்குத் தெரியும், அது தீயணைப்பு வண்டியின் மழை.
அந்த ரத்தம் நான் கலக்கியது, எறும்பு மொய்த்தது.
தெரிந்தும் அழுதேன். முந்தானை நனைந்தது.
எங்கள் வீட்டில் சடையனுக்கு யாரும் அழுததில்லை.
செத்த தேதி வந்து சேராததால் கருமாதியும் இல்லை.
எண்பது வருஷம் கழித்து
யாரோ எழுதிய பேச்சுக்கு அந்த அழுகை வருகிறது.
எதற்கு வந்தால் என்ன என்றும் இருந்தது.
என் சுருக்குப் பையிலிருந்து எவனோ எடுத்துச்
செலவழித்த மாதிரியும் இருந்தது.

பிறகு நாயகன் சாகத் தொடங்கினான்.
அதற்கு நேரம் எடுக்கும்.
அவன் தோளுக்குப் பின்னால், மங்கலாக, ஒரு கால்.
கணுக்காலுக்கு மேலே சிவப்பு, என் சிவப்பு.
அடியில் பிளாஸ்டரின் ஓரம் தெரிகிறதா என்று சாய்ந்தவள்
எழுந்தே விட்டேன் போல.

"உட்காருங்க அக்கா,"
பின்வரிசையிலிருந்து விக்கலோடு ஒரு குரல்,
"மறைக்குது."