பகுதி

இடவப்பாதி தொடங்கி மூன்றாம் வாரம்.
குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் எஸ்டேட், நாலாம் டிவிஷன்.
இரண்டாம் ஆண்டு நர்சிங்கில் பன்னிரண்டு பேர், ஆறு ஜோடி.
கையில் தாள் செருகிய அட்டை,
காலில் ஏறும் அட்டைக்கு உப்பு.

"காய்ச்சல் உண்டா?" என்றாள்
என் ஜோடி, விருதுநகர் முத்துப்பேச்சி.
"காய்ச்சலா? இல்லியே மக்களே.
நாலு நாளா பனியாக்கும்" என்றார் தங்கபாய்,
தலையைத் துண்டால் இறுக்கியபடி.
அவள் எழுதினாள்: குளிர், மழையினால்.
நான் அடித்துத் திருத்தினேன்.
இந்தப் பக்கத்தில் பனி
நூற்றிரண்டு டிகிரி வரை ஏறும்.
அதற்குள் ஒன்பது வீடு தாண்டியிருந்தோம்.
ஒன்பதுக்கும் திரும்ப நடந்தோம்.

ஆறாம் வகுப்புக் கணக்குதான்:
கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி.
மேலே உள்ளதை எல்லோரும் கேட்பார்கள்,
எத்தனை பேருக்கு வந்தது, யாராவது செத்தார்களா.
தொகுதி என்றால் ஜீப் வரும்,
புகையடிக்கும் மிஷின் வரும்
தார் ரோடு முடியும் இடம் வரை.
பகுதிக்குப் படியேற வேண்டும்.
நோயில்லாதவர் வாசலிலும் நின்று
பெயர் கேட்க வேண்டும்.
"எனக்கு ஒண்ணுமில்ல, பின்ன எதுக்கு எழுதுதிய?"
என்று பாதிக் கதவைச் சாத்தினார் ஞானசிகாமணி.
ஒன்றுமில்லை என்பதை எழுதத்தான் வந்தோம்
என்றால் யார் நம்புவார்கள்?

பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
பனி கண்டவர் முப்பத்தொன்று.
"நூத்துக்குப் பதினஞ்சுகூட இல்ல,
கன்ட்ரோல்லதான் இருக்கு" என்றார் சூப்பர்வைசர்.

புகைப்புரைக்குப் பின்னால்
மழையிலும் எடுக்காமல் ஒரு கொடி நிறையத் துணி.
எடுக்க ஆளில்லையா என்று பார்க்கப் போனேன்.
ஆளிருந்தது.
தகரக் கொட்டகையில் பத்தொன்பது பேர், ஜார்க்கண்ட்.
சோம்ரா எழுந்து உட்கார்ந்து சொன்னான்: "புகார்."
"புகார்னா ஆபீஸ்ல எழுதிக் குடுக்கச் சொல்லு"
என்றார் பின்னால் வந்த சூப்பர்வைசர்.
சோம்ரா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.
நான் தொட்டேன்.
பனி, காய்ச்சல், புகார்:
அடுப்பருகே வைத்த பாத்திரம் போலச் சுட்டது.

பத்தொன்பதில் பதினொன்று.
நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.
வீட்டு எண் இல்லை, ரேஷன் கார்டு இல்லை,
பதிவேட்டில் காண்டிராக்டர் பெயர் மட்டும்.
தாளின் கட்டங்களில் அவர்களுக்கு இடமில்லை.
பின்புறம் திருப்பி எழுதினேன்.

கொட்டகையை ஒட்டியே
மழைக்கு வெட்டு நிறுத்திய மரங்கள்.
கம்பி வளையத்தில் சிரட்டைகள் நிமிர்ந்தபடி,
ஒவ்வொன்றிலும் ஒரு வாய் மழை.
டார்ச் அடித்தால்
காற்புள்ளிகள் நெளிந்து கீழே இறங்கின.
வெட்டில்லாத நாளில் சிரட்டையைக் கமத்தி வைக்கவும்
என்ற சுற்றறிக்கை ஆபீஸ் சுவரில் இருந்தது,
லாமினேட் செய்து.
கமத்துவதற்கு என்ன கூலி என்று அதில் இல்லை.

அன்று நாங்களே கமத்தினோம்.
நடக்க முடிந்த எட்டுப் பேரும் கூட வந்தார்கள்.
நானூறு வரை எண்ணினேன், இருட்டிவிட்டது.
மரங்கள் மேட்டில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தன.

அறிக்கை எழுதும்போது
இருநூற்று முப்பத்தொன்றில் நாற்பத்திரண்டு என்று கூட்டினேன்.
முத்துப்பேச்சி கொட்டகைக்குத் தனி வரி போட்டாள்.
"மொத்தத்துல போட்டா மறுபடி காணாமப் போயிருவாங்க."

எட்டாம் நாள், ஹாஸ்டலில், எனக்குப் பனி.
கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்கிறார்கள்.
முத்துப்பேச்சி தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.
இந்த முறை குளிர் என்று எழுதவில்லை.
நாற்பத்து மூன்றாம் வரியில் என் பெயர்.
பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள்.
"மேல சேத்துட்டேன்டி.
கீழ உன்னை எந்த ஊர்ல சேக்க?"