முதல் வரி

குத்தாய்சி, குழந்தைகள் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
வெந்நீர்க் குழாய் இருமுகிற அறை.
எங்கள் நாட்டுக் கதைகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும்:
"ஒருவன் இருந்தான், இல்லாமலும் இருந்தான்."
தேக்லே கையை உயர்த்தினாள்.
"இருந்தானா, இல்லையா? சரியாகச் சொல்லுங்கள்."

எட்டு வயது. ரியோனி ஆறு
அவள் தம்பியைக் கொண்டுபோய் ஐந்து மாதம்.
ஒரு செருப்பை மட்டும் திருப்பித் தந்தது.
வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை.
வெளியே நடையில் அம்மா,
கோட்டுப் பொத்தானைக் கழற்றாமல்.

மூன்று வியாழக்கிழமை
அந்த வரியைத் தாண்டவில்லை நாங்கள்.
நான்காவதில், அவளாகவே,
ஒன்பது தலை அரக்கனை வரையத் தொடங்கினாள்.
அரக்கன் என்றால் அச்சம் என்று
குறிப்பேட்டில் எழுதினேன்.
எட்டிப் பார்த்தாள். பேனாவைப் பிடுங்கி அடித்தாள்.
"அரக்கன் என்றால் அரக்கன்தான்."

எட்டுத் தலைகளை வாள் சீவட்டும் என்றாள்.
ஒன்பதாவது வேண்டாம்.
ஏன்?
"அதற்கு நீந்தத் தெரியாது."

பேனா மூடியைத் தேடினேன்.
கையிலேயே இருந்தது.

அவள் கதையில் அரக்கன் கரையில் நிற்கிறான்,
ஒற்றைத் தலையோடு, முழங்கால் நனைய.
யாரும் அவனை வெட்டுவதில்லை,
வீட்டுக்குள் கூப்பிடுவதும் இல்லை.
இருட்டுகிற நேரம் ஒருத்தி
சோள ரொட்டி கொண்டுவந்து
கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகிறாள்.
சூடாக இருக்கிறதா என்று கேட்டேன்.
"ஆறிப்போயிருக்கும். தின்பான்."

இன்று முதல் வரியை அவளே சொன்னாள்,
என்னைப் பார்க்காமல்,
காலத்தை மட்டும் மாற்றி:
"ஷியோ என்று ஒருவன் இருந்தான்.
இல்லாமல் இருக்கிறான்."

பிறகு, ஒரு கொட்டாவி.
"மீதி அடுத்த வியாழன்."