காதுக்கு வந்த பணம்

பேசிப் பேசி, இழுத்து இழுத்து, கடைசியில் குவாரி
திம்மராயனுக்குக் கொடுத்தது எழுபத்தோராயிரம்.
வலது காது. முழுசாகப் போயிற்று என்று
தருமபுரி ஆஸ்பத்திரியில் சான்றிதழ்.
"காதுக்கு வந்த காசு காதுக்கே போவட்டும்" என்று
லண்டன்பேட்டையில் எங்கள் கடைக்கு ஏறி வந்தார்.
கூடவே சாலம்மா. கையில் மஞ்சள் பை,
அதற்குள் பணமும் கால் கிலோ பக்கோடாவும்.

நான் வாட்ஸ் சொன்னேன், ஓம் சொன்னேன்,
அஞ்சு புள்ளி ஒண்ணு என்றால் என்னவென்று சொன்னேன்.
அவர் அதையெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை.
ஒவ்வொரு பெட்டியையும் விரல்முட்டியால் தட்டி
இடக்காதை ஒட்டிவைத்துப் பார்த்தார்.
கல்லுக்குள் வெடிப்பு ஓடியிருந்தால்
பாலிஷ் போடும் முன்னால் இப்படித்தான் தெரியுமாம்.
நீட்டமான சவுண்ட்பாரைத் தட்டியதும்
"இது டப்பா" என்று திருப்பி வைத்தார்.
எனக்குக் கமிஷன் அதில்தான் அதிகம்.
ஓரத்தில் தூசியேறிக் கிடந்த கனத்த மரப்பெட்டிகள்,
ஒன்றைத் தட்டினார்,
சிரித்தார்.
அந்தச் சிரிப்புக்குத் தோதாக ஒரு ஆம்ப் பார்த்துக் கொடுத்ததுதான்
நான் செய்த வியாபாரம்.

ஜெகதேவியில் அவர் வீட்டுச் சுவர்
குவாரி கழித்துப் போட்ட கல். டிரில் பிட் இரண்டு முறிந்தது.
ஆணியே வேண்டாம் என்று பின்பக்கத்துப் பெட்டிகளில்
ஒன்றை அரிசி டிரம் மேல் வைத்தோம்,
இன்னொன்றை பீரோ மேல்.
டிவி பழசு. ஆர்க் என்று எழுதிய துளையே இல்லை.
நுனியில் சிவப்பு வெளிச்சம் கசியும் ஆப்டிகல் ஒயரை எடுத்தேன்.
செட்டாப் பாக்ஸ் ஆம்புக்கு, ஆம்ப் டிவிக்கு,
டிவி மறுபடி ஆம்புக்கு.
"சம்பந்தி வீட்டுப் பலகாரமாட்டம் சுத்துது" என்றாள் சாலம்மா.

நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்:
"அண்ணா, வலப்பக்கச் சத்தத்தையும்
இடப்பக்கமே கொண்டாந்துடலாம். மெனுவிலேயே இருக்கு.
உங்களுக்கு எதுவும் விட்டுப்போகாது."
ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி
சோபாவில் கவிழ்த்து வைத்தார்.
"வலப்பக்கம் அவ உக்காருவா."

குக்கரை இறக்கி, ஃபேனை நிறுத்தி
சோதனைச் சத்தம் விட்டேன்.
முறத்தில் மணல் சரிகிற மாதிரி ஒரு உஸ்.
இடது. நடு. வலது.
அவர் திரையைப் பார்க்கவில்லை, பெட்டிகளைப் பார்க்கவில்லை,
சாலம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வலதில் வந்தபோது
அவள் புருவம் அந்தப் பக்கமாய் ஒரு நூல் ஏறிற்று.
அவரும் தலையாட்டினார்.

அடுத்தது வலது பின்பக்கம், பீரோ மேல்.
திரையில் பெட்டிப் படம் ஒளிர்ந்தது.
சரி என்று அடுத்ததற்கு விரல் வைத்தேன்.
"அங்க வரல" என்றார்.

வருதுண்ணா, உங்களுக்குத்தான்...
நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன்.

"வரல தம்பி. அவ புருவம் அசையல."

ஸ்டூல் போட்டு ஏறினேன்.
செம்புக்குப் பதிலாக
பிளாஸ்டிக் உறையைக் கடித்துக்கொண்டிருந்தது திருகு.
இரண்டு காதையும் வைத்துக்கொண்டு
இவ்வளவு நேரம் நான் மெனுவைப் படித்திருக்கிறேன்.
அரை அங்குலம் சீவி, முறுக்கி, உள்ளே விட்டு இறுக்கினேன்.
உஸ்.
சாலம்மா சட்டென்று திரும்பினாள்:
"யாரோ பீரோவத் தொறக்கறாப்பல இருக்குதுங்க!"
"ம். வந்துருச்சு" என்றார் அவர்.

பொருத்துக்கூலியில் இருநூறு பிடித்துக்கொண்டார்.
பக்கோடா கொடுத்தார்கள்.
முறிந்த பிட் இரண்டும் சட்டைப்பையில் குத்த
பைக்கை எடுத்தேன்.
ஹெல்மெட்டுக்குள் காற்று.
எது இடது எது வலது என்று
நெடுஞ்சாலை ஏறும் வரைக்கும்
பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டு வந்தேன்.