மேல்மாடிக்காரியின் பெட்டி

செவ்வாய்க்கிழமை. தண்டர் பேயில் மைனஸ் இருபத்தேழு.
கரை எங்கே முடிந்தது, ஏரி எங்கே தொடங்கியது என்று
சன்னலுக்குத் தெரியவில்லை.
வாசலில் மறுபடி பெட்டி.
மேலே ஷானா பெல்கி என்று பெயர்,
நான்காவது வாரமாக.

அவள் மாடியைக் காலி செய்து போன இடம்
வீட்டுக்காரருக்கே தெரியாது.
கம்பெனிக்குப் போன் போட்டால்
இசை வருகிறது, ஆள் வருவதில்லை.
குப்பையில் போட மனசு வருமா?
முதல் வாரம் தயங்கினோம்.
இந்த வாரம் ரவுனோ
கையுறையைக் கழற்றுமுன்பே
பெட்டியைக் கீறிவிட்டார்.

ஆசியச் சுவையில் பர்கர், என்றது அட்டை.
எந்த ஆசியா என்று சொல்லவில்லை.
பன்றிக் கொத்துக்கறி, எள்ளெண்ணெய்,
வாசலிலேயே உறைந்துபோய்
மேசையில் தட்டினால் ஓசை எழுப்பும் வெள்ளரிக்காய்,
ஒரு துண்டு இஞ்சி.
"என் விரல் மாதிரியே இருக்கு" என்று
வாதம் பிடித்த கையை அதன் பக்கத்தில் வைத்தார்.
அப்படித்தான் இருந்தது.

முப்பத்தொரு வருடம்
ரயிலிலிருந்து இறங்கிய கோதுமையைக்
கப்பலில் ஏற்றிவிட்டவர்.
அது போய்ச் சேர்ந்த துறைமுகம் ஒன்றையும் பார்த்ததில்லை.
சோயா சாஸ் பொட்டலத்தைக்
கண்ணருகே பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தார்:
தண்ணீர், சோயா, கோதுமை.
"கோதுமையா?"
பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.
பொட்டலத்தைக் கடைசிச் சொட்டு வரை பிதுக்கி
கறியோடு பிசைந்தார்,
தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையைத்
தலை துவட்டிவிடுகிற மாதிரி.

கேரட்டும் ப்ராக்கோலியும் ஓவனில்.
நானூற்று இருபத்தைந்து டிகிரி, இருபது நிமிடம்,
ஓரங்கள் கருக வேண்டுமாம்.
"கருகினா நீ திட்டுவே.
இவங்க கருக்கச் சொல்லி
எழுதியே கொடுக்கிறாங்க."

அட்டையின் மூலையில் இரண்டு பேருக்கு என்றிருந்தது.
மாடியில் எப்போதும் ஒரு ஜோடிக் காலடிதான் கேட்கும்.
அந்த இன்னொரு தட்டு யாருக்கு என்று
நான் கேட்டேனா, நினைத்தேனா,
அதற்குள் கறியின் கொழுப்பு வாணலியில் வெடித்து
புகை கிளம்பி
கூரையிலிருந்த அலாரம் அலறத் தொடங்கியது.
துண்டை விசிறிக்கொண்டே கதவைத் திறந்தேன்.

படிக்கட்டில் ஷானா.
தோளில் ஒரு ஜோடி ஸ்கேட்,
நிலவறையில் மறந்துவிட்டுப் போனதாம்.
மூக்கு சிவந்திருந்தது. முகர்ந்தாள்.
என் பின்னால் மேசையில்
பெட்டியில் அவள் பெயர்
எங்களைப் பார்த்தே திரும்பியிருந்தது.

திருடி என்று யாரும் என்னை அழைத்ததில்லை,
அழைத்தால் எந்தக் காது சூடாகும் என்று
அன்றைக்குத் தெரிந்தது. இரண்டும்.

"நிறுத்திட்டேன்னு நினைச்சேன்" என்றாள்.
போனை எடுத்து எதையோ தேடினாள்.
அப்புறம் சுவரில் சாய்ந்து
சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தாள்.
"பணம் டெரிக்கோட கார்டிலிருந்து போகுது.
அவன் இன்னும் கவனிக்கலை.
நீங்க சாப்பிடுங்க.
தயவுசெய்து நல்லா சாப்பிடுங்க."

உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.
ரவுனோ தன் பர்கரை இரண்டாக வெட்டினார்.
வெள்ளரிக்காய் ஊறுகாய் ஒரு பக்கம் வழுக்கி விழ
அதை விரலால் எடுத்து
அவள் பாதியிலேயே வைத்தார்.
நின்றபடியே தின்றாள், கோட்டோடு,
தாடையில் சாஸ்.
தட்டிலிருந்து கருகின கேரட்டாகத்
தேடித் தேடி எடுத்தாள்.

போகும்போது படியில் நின்று சொன்னாள்:
"அடுத்த வாரம் சால்மன்.
எனக்குப் பிடிக்காது. அவனுக்குத்தான்."

அலாரம் அடங்கியிருந்தது.
வாணலியை ஊறப் போட்டேன்.
ரவுனோ காலண்டரில்
செவ்வாய்க் கட்டத்துக்குள் ஒரு மீன் வரைந்தார்.
வால் புதன்கிழமைக்குப் போய்விட்டது.