நாற்பத்தைந்து மில்லிமீட்டர்

தேவனாம்பட்டினம் சாலையிலிருந்து கிழக்கே
நான்காவது மனை.
ஆறடி தோண்டினால் ஈரம், எட்டடியில் உப்பு.
பாடலீஸ்வரன் வீடு கட்டுகிறார்,
மஸ்கட்டில் பதினோரு வருடம்
பைப் வெல்டிங் செய்த காசு.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள்.
கட்டுவது அவர்.
பார்ப்பது நான்.
அதற்குத்தான் சம்பளம்.

கொளஞ்சி அண்ணன் தூணுக்கு வளையம் பூட்டுகிறார்.
கொக்கி தொண்ணூறு டிகிரியில் நின்றுவிட்டது.
இன்னும் உள்ளே மடக்குங்க,
நூற்று முப்பத்தைந்து.
"கான்கிரீட்டுக்குள்ள போனா
எவன் பாக்கப் போறான் மேடம்?"
பூமி பார்க்கும் என்று சொல்ல வந்தேன்.
வசனம் போலிருந்தது,
விட்டுவிட்டேன்.
மடக்கினால்தான் கலவை வரும் என்றேன்.
ஆயிரத்துச் சொச்சம் முனைகள்.
சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை அவர்.

அடுத்து, பலகைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி.
விரல் விட்டுப் பார்க்கிறேன்.
சுண்டுவிரல்தான் நுழைகிறது,
மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில்.
கவர் பிளாக் இருக்க வேண்டிய இடத்தில்
யாரோ டைல்ஸ் துண்டு சொருகியிருக்கிறார்கள்.

"இத்துனூண்டு சிமெண்டுல என்ன வந்துடும்?"
அக்கினி மூலை தவறிவிட்டதென்று
அடுப்பு மேடையின் இடத்தை வரைபடத்தில்
மூன்று முறை மாற்றியவர்
கேட்கிறார்.
கடலைக் காட்டினேன்.
உப்புக்கு அவசரமில்ல சார்.
காத்துல வரும், செவுத்துல உக்காரும்,
வருசத்துக்கு ஒரு மயிரிழை உள்ள நடக்கும்.
அது கம்பியைத் தொடுறப்ப
உங்க பையன் பள்ளிக்கூடம் போய்ட்டிருக்கணுமா,
பேரன் எடுத்திருக்கணுமா?
இது தடிமன் இல்ல. வருசம்.

அவர் ஒதுங்கிப்போய் யாருக்கோ போன் போட்டார்.
"ரூல்ஸ் பொம்பள" என்பது மட்டும் கேட்டது.
பலகையைக் கழற்றினார்கள்.

விதிநூலில் அந்த வரிக்கு
அழகொன்றும் கிடையாது.
அட்டவணை, எண், அடிக்குறிப்பு.
எழுதியவர் பெயரில்லை.
எங்கோ ஓர் ஊரில் தூசி அடங்கியபின்
யாரோ குனிந்து
துருவேறிய கம்பியை அளந்திருக்க வேண்டும்.

போன வருடம் செம்மண்டலத்தில்
ஒரு போர்ட்டிகோ சரிந்தது.
முட்டுக்கால்களை ஏழாம் நாளே உருவியிருந்தார்கள்.
சித்தாள் அஞ்சுகத்தின் மகனைத் தோளில் தட்டி
"விதிப்பா" என்றார்கள்.
ஆமாம், விதிதான்.
பக்க எண்கூடச் சொல்வேன்.

கிரகப்பிரவேசத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை.
கொளஞ்சி அண்ணன்தான்
டிபன் டப்பாவில் கேசரி கொண்டுவந்தார்.
"கொக்கி நல்லா உக்காந்துச்சு மேடம்" என்றார்,
கேசரியைப் பற்றிப் பேசுவது போல.

கார்த்திகையில் புயல்.
துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு.
நான் வண்ணாரப்பாளையத்தில், இரண்டாம் மாடியில்,
வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு.
கரண்ட் போய் மூன்று மணி நேரம்.
சீலிங்கில் துருநிறத்தில் ஒரு கறை.
பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்காரர்
வெள்ளையடித்து மூடுவார்.
பங்குனியில் திரும்பி வரும்.
துடைப்பக் கட்டையால் தட்டினால்
வெறும் பானையின் சத்தம்.

ராத்திரி ஒன்றரைக்குப் போன்.
பாடலீஸ்வரன்.
பின்னால் அலை, ஜன்னல், ஒரு குழந்தையின் குரல்.
"மேடம்... அடிக்கிற காத்துக்கு
வீடு தாங்கும்ல?"

தாங்கும் சார்.
தண்ணி ஏறுனா மட்டும் மாடிக்குப் போயிடுங்க.
இப்போ தூங்குங்க.

போனை வைத்துவிட்டு
டார்ச்சை மேலே அடித்தேன்.
கறை போன வாரத்தைவிட அகலம்.

மகளின் பாயை,
அவள் விழித்துவிடாமல்,
மூன்றடி இழுத்தேன்
சுவரோரமாக.