பீல் நகரத்து பில்

கடை மூடும் நேரம். எழுபது பிராங்க்.
ஏழு பேர், வாட்ச் பாக்டரி மாலை ஷிப்ட்.
ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு,
பத்து, பதினான்கு என்று தட்டில் விழுந்தது.
ஷான்டால் மட்டும் முப்பத்தைந்து.

எல்லாம் எழுபதை மீதியின்றி வகுப்பவை.
கூட்டினால் எழுபத்து நான்கு.

"நாலு அதிகம்.
யாராவது போட்டதை அப்படியே எடுங்கள்."

ஒன்றும் இரண்டும் எடுத்தால் மூன்றுதான்.
ஐந்து எடுத்தால் பில் நொண்டும்.
யாரைக் கழித்தாலும் நேராகாது.

விசித்திர எண் என்பார்கள் இதை.
அந்த இனத்தில் எழுபதுதான் ஆகச் சின்னது.
எம்.எஸ்சி.யில் படித்தேன்,
தேர்வில் வரவில்லை.

வெளியே பனி.
ஏழு பேரும் ஒரே குடைக்குள் நெருக்கிக்கொண்டு
ஸ்டேஷன் பக்கம் போனார்கள்.

மேசையைத் துடைத்தேன்.
ஏப்ரன் பையில் நாலு பிராங்க்,
யாரும் கொடுக்காதது.