சாவியை எடுத்த பிறகும்

சாவியைத் திருப்பி எடுத்துக் கையில் வைத்திருக்கிறேன்.
வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.
ஐந்து சிலிண்டர் டீசல்,
தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனி வாசலில்,
ஓட்ட ஆளில்லாமல்.

பானட்டைத் தூக்கி
சிவப்பு நெம்புகோலை அழுத்தினால்தான் அடங்கும்.
அதன் தலையில் ஸ்டாப் என்று எழுதியிருக்கிறது.
ஜெர்மன்காரன் முன்னமே நினைத்திருக்கிறான்,
சொல்பேச்சு கேளாத ஒரு நாள் வருமென்று.
ஞாயிறு பூசைக்குப் போய் இறங்கி
பட்டுச்சேலையோடு பானட்டுக்குள் குனிகிறேன்.
சாமியார் பார்க்காத மாதிரிப் போகிறார்.

நான் ஆசைப்பட்டு வாங்கிய கார் இல்லை.
நண்டு ஏற்றுமதி சீனி இபுராம்சா
இரண்டு சீசன் ஐஸ் பாக்கிக்குப் பதிலாக
சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.
“பென்ஸுக்கா. எண்பத்திமூணு மாடல்.
சிங்கப்பூர் முதலாளி வச்சிருந்த வண்டி.”
நோட்டில் எழுதினேன்:
வரவு, கார் ஒன்று.
கழிவு, நாலாயிரத்து இருநூறு பார்.
ஒரு பார் ஐஸ் நிழலில் கிடந்தால் ஒரு பகல் தாங்கும்.
இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பது
அப்போது எனக்குத் தெரியாது.

சோளகம் அடித்தால்
கண்ணாடியில் உப்பு, கைப்பிடியில் உப்பு,
மூக்கில் நட்சத்திரம் இருந்த ஓட்டையிலும் உப்பு.
(நட்சத்திரத்தை எவனோ முதல் வாரமே திருகிக்கொண்டு போனான்.)
ஜாக்கி வைக்கும் இடத்தை விரலால் குத்திப் பார்த்தேன்.
விரல் உள்ளே போய்விட்டது,
டீயில் நனைத்த வறுக்கி போல.
அன்றிலிருந்து தினமும் நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுகிறேன்.
குடிதண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கும் ஊரில்
காரைக் குளிப்பாட்டும் பொம்பளை என்று பேராகிவிட்டது.

தடைக்காலத்தில் கிளாட்வின் வந்தான்.
விசைப்படகு இஞ்சின் பார்க்கிறவன்.
கரையேறிய படகுகளில் இதையும் ஒன்றாக நினைத்து
“இதுக்கு அணியம் எந்தப் பக்கம்?” என்றான்.
பம்பைக் கழற்றினான். நன்றாக இருந்தது.
வால்வை ஊதினான். நன்றாக இருந்தது.
கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
“இஞ்சினை நிறுத்துறதே வெறும் உறிஞ்சல்தான்க்கா.
எங்கேயோ காத்து போகுது.
வெளிய வர்ற காத்துன்னா சோப்பு நுரை காட்டிக்கொடுக்கும்.
இது உள்ள போற காத்து.”

அம்மோனியா கசிந்தால்
கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாயோரம் நடப்பேன்.
கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை நிற்கும்.
இருபது வருசமாக எனக்குத் தெரிந்த கசிவுகள்
கண்ணைக் கரிக்கும், இருமவைக்கும்,
ஆள் சேர்த்துக் கத்தும்.

கம்பெனி நின்றிருந்த ஒரு ராத்திரி
நெம்புகோலை அழுத்தி அடக்கிவிட்டு
ஓடிவந்து உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.
பத்து விநாடி இருக்கும்.
பின்னால், இடது கதவுக்குள்,
உதட்டைக் குவித்து யாரோ
சூடான காப்பியை உறிஞ்சும் சத்தம்.
கம்ப்ரசர் ஓடியிருந்தால் கேட்டிருக்காது.

காலையில் கதவின் உள்தோலைப் பிரித்தோம்.
பூட்டைச் சுண்டி இழுக்கும் ரப்பர் சவ்வு,
ஐந்து ரூபாய் நாணய அகலம், கிழிந்து கிடந்தது.
கதவு பூட்டாததால்தான் இஞ்சின் நிற்கவில்லை.
இப்படியும் ஒரு குடும்பம்.
அடியில் மடிந்து கிடந்தது
சிங்கப்பூர் பார்க்கிங் சீட்டு ஒன்று.
யாரோ மணியைக் கிழித்துக் குறித்திருந்தார்கள்:
ஒரு மணி நேரம் நிறுத்தலாம்.

புதுச் சவ்வுக்குத் தொண்ணூறு பார் விலை,
வர நாற்பது நாள்.
கிளாட்வின் நண்டு உரிக்கும் கையுறையை வெட்டி ஒட்டினான்.
பதினொரு நாள் பிடித்தது. பிறகு
அந்த மஞ்சள் குழாயில் ஒரு திருகாணியைச் செருகிவிட்டு
“இனி அந்தக் கதவைக் கையால பூட்டுங்க” என்று போய்விட்டான்.

சாவியைத் திருப்பினேன்.
நின்றது.
பழக்கத்தில் இறங்கிப் போய்
பானட்டைத் தூக்கிவிட்டேன்.
நெம்புகோல் சும்மா இருந்தது.
அதை ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் மூடினேன்.

ஜூன் பதினைந்து விடியலில் இபுராம்சா போன்.
“அவசரமா முந்நூறு பார் வேணும்க்கா.
காசு அடுத்த வாரம்.”
சாவியை விரலில் சுற்றியபடி கேட்டேன்:
“வேற என்ன வண்டி வச்சிருக்கீங்க?”